வெண்டு ஒட்டிய மேசை

எங்கள் பகுதியில் நினைத்த நேரத்தில் வீட்டு முன்றலில் சாமான் பரப்பி விற்க முடியாது. அதற்கென்று நகரசபை சில சனி ஞாயிறுகளைக் குறித்துச் சொல்லும். தன் பழைய சாமான்களை விற்க மகள் தொலைபேசியில் அப்படியொரு நாளைச் சொன்னபோது என் வாயில் முதலில் வந்தது, "மழை பெய்தா என்ன செய்யிறது?" என்பதுதான்.

"மழை பெய்தா நனையும் அப்பா."

அவளுடைய பதில்கள் அப்போது இப்படித்தான் இருந்தன. அளந்து, ஒரு வரியில். அதற்குக் காரணம் நான்.

ஊரில் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். படிப்பு அங்கேயே நின்றுவிட்டது. பயம் மட்டும் என்னோடு விமானம் ஏறி மொன்றியலில் வந்து இறங்கியது. அடுப்பை நிற்பாட்டினேனா என்று பாதிவழியில் பஸ்ஸை விட்டு இறங்கித் திரும்பி வந்து பார்க்கிற ஆள் நான். மகள் பிறந்த பிறகு அடுப்பை விட்டுவிட்டு அவளைப் பார்க்கத் தொடங்கினேன். பள்ளிக்கூட பஸ் ஐந்து நிமிடம் பிந்தினால் தெருவில் நிற்பேன். அவள் வளர்ந்து, மொன்றியல் தீவின் மேற்கு முனையில் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் பயிர்களைப் பற்றி மேல்படிப்புப் படிக்கப் போன பிறகும் ஒரு நாளைக்கு ஏழு எட்டுத் தரம் தொலைபேசி எடுப்பேன்.

ஜனவரியில் ஒருநாள் நல்ல பனி. இரண்டரை மணித்தியாலம் அவள் தொலைபேசி எடுக்கவில்லை. நான் மெட்ரோ பிடித்து, பஸ் பிடித்து, அவளுடைய வளாகத்துக்கே போய்விட்டேன். காவலாளியிடம் தெரிந்த நாலு பிரெஞ்சுச் சொல்லையும் போட்டு மகளைக் காணவில்லை என்றேன். அந்த மனுசன் பாவம், என்னைக் கட்டடம் கட்டடமாகக் கூட்டிக்கொண்டு திரிந்தான். கடைசியில் ஒரு கண்ணாடிக் கூடத்துக்குள் அவள் நாற்றுகளை அளந்துகொண்டு நிற்கிறாள். பக்கத்தில் அவளுடைய பேராசிரியர், கூடப் படிக்கிற பிள்ளைகள். வாசலில் நான். ஒரு கையில் டோர்ச், மற்றக் கையில் அவள் மறந்துவிட்டுப் போன கம்பளித் தொப்பி.

அவள் வாசலுக்கு வந்தாள். தொப்பியை வாங்கிப் போட்டுக்கொண்டாள். அடுத்த கிழமை அங்கேயே ஓர் அறை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

"நீங்கள் பயப்பிடுறதுக்கு எல்லாம் நான் பதில் சொல்லிக்கொண்டிருக்கேலாது அப்பா. எனக்கு மூச்சு முட்டுது," என்றாள் போகும்போது. ஞாயிற்றுக்கிழமையில் மட்டும் தொலைபேசி. போய்ச் சேர்ந்தியா என்று கேட்கக் கூடாது. எப்ப வருவாய் என்றும் கேட்கக் கூடாது. இவ்வளவும் அவள் போட்ட சட்டம். ஐந்து மாதம் நான் பல்லைக் கடித்துக்கொண்டு அதன்படி நடந்தேன். அந்த ஐந்து மாதத்தில் அவள் வீட்டுக்கு வந்தது மூன்று தரம். மூன்று தரமும் பேஸ்மென்டில் கிடந்த தன் சாமான்களில் ஏதோவொன்றை எடுக்க வந்தாள்.

அதனால்தான் அந்த விற்பனையைப் பற்றி அவள் சொன்ன கடைசி வசனம் எனக்குள் முள்ளாய் நின்றது. "எல்லாத்தையும் ஒரே நாளிலை வித்து முடிப்பம் அப்பா. பேந்து சும்மா சும்மா வந்து எடுக்கத் தேவையில்லை."

மனைவியிடம் சொன்னேன். அவள் ரோல்ஸுக்கு உருளைக்கிழங்கு மசித்துக்கொண்டிருந்தாள்.

"அவள் ஒரு முழு நாள் வந்து நிக்கப் போறாளெல்லோ, அதைப் பாருங்கோவன்," என்றாள்.

"அதுக்குப் பிறகு?"

"அதுக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை வரும். இஞ்சாருங்கோ, அந்த வெங்காயத்தை எடுங்கோ."

அவளுக்கு எல்லாம் இலகு. எனக்கோ அந்த விற்பனை நன்றாக நடந்தால் மகள் வருவதற்கு ஒரு காரணமும் மிஞ்சாது. நடக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டே, நடப்பதற்கான வேலையெல்லாம் நான்தான் செய்தேன். யாராவது தடக்கி விழுந்தால் என்று படியோரம் கயிறு கட்டினேன். பாண் வாட்டுகிற பழைய ரோஸ்டரை ஆராவது வாங்கி அது நெருப்புப் பற்றினால் என்று அதன் வயரை வெட்டினேன். வயரில்லாத ரோஸ்டரை ஆர் வாங்குவது என்று மனைவி கேட்டாள். அதை யோசிக்கவில்லை.

மகள் டொலர் கடையில் வாங்கி அனுப்பியிருந்த ஸ்டிக்கர்கள் ஒரு கடித உறையில் வந்தன. வட்டம் வட்டமாய், சிவப்பில். ஒவ்வொன்றிலும் ஐந்து ஆங்கில எழுத்து. வி, ஈ, என், டி, யூ. நான் எழுத்துக் கூட்டி வாசித்தேன்.

"வெண்டு."

"என்னத்தை வெண்டவை?" என்றாள் மனைவி, யாரோ எதையோ வென்றுவிட்டது போல.

"பிரெஞ்சிலை வித்தாச்சு எண்டு அர்த்தமாம். ஆராவது காசு தந்து போட்டு, பேந்து வந்து எடுக்கிறம் எண்டால் இதை ஒட்ட வேணுமாம்."

"நல்லாயிருக்கு. வித்தவன் வெண்டான் எண்டு ஒட்டுறது."

அன்று முழுக்க எங்கள் வீட்டில் அந்தச் சொல்தான். தேத்தண்ணி குடித்து முடித்தாலும் 'வெண்டு' என்றோம்.

பேஸ்மென்டில் இருந்த மற்ற எதுவும் எனக்குப் பெரிதல்ல. பனிச்சறுக்குச் சப்பாத்து, பிளாஸ்டிக் அலுமாரி, சின்னச் சைக்கிள், பெட்டி பெட்டியாய்ப் புத்தகம். போகட்டும். அவள் இருந்து படித்த மேசைதான் என் மனதைப் பிசைந்தது.

அது பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் மூன்றாம் மாடியில் நாங்கள் இருந்த காலத்தில் வந்தது. ஜூலை முதலாம் திகதி ஊரே வீடு மாறும்போது தெருவோரம் வைத்துவிட்டுப் போகிற சாமான்களில் ஒன்று. நல்ல மரம், இரண்டு இழுப்பறை. பலசரக்குக் கடைத் தள்ளுவண்டியில் ஏற்றித் தள்ளிக்கொண்டு வந்தேன். வீட்டு வாசலில் வைத்துத்தான் மூட்டைப்பூச்சி ஞாபகம் வந்தது. கொதிதண்ணீர் ஊற்றி நான்கு தரம் கழுவினேன். அதுவும் போதாதென்று, குளிரில் எல்லாப் பூச்சியும் செத்துப் போகட்டும் என்று பல்கனியிலேயே விட்டேன். ஜூலையில் வந்த மேசை அடுத்த மார்ச்சில்தான் வீட்டுக்குள் வந்தது. அதுவரைக்கும் மகள் குசினி நிலத்தில் குப்புறப் படுத்துக் கிடந்து வீட்டுப்பாடம் செய்தாள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவளுடைய மேசை, ஓரடி உயரப் பனியைச் சுமந்துகொண்டு நின்றது.

உள்ளே கொண்டுவந்த பிறகு அதன் மூலைகள் கண்ணில் பட்டன. ஓடி விளையாடுகிற பிள்ளை, நெற்றியில் குத்தினால்? அரம் ஒன்று வாங்கி நான்கு மூலையையும் அராவினேன். ஓரளவுக்கு அராவி நிறுத்தியிருக்கலாம். எனக்கு நிறுத்தத் தெரியாது. மூலையே இல்லை என்னும் அளவுக்கு வந்துவிட்டது. ஒரு பக்கம் கொஞ்சம் கூட, ஒரு பக்கம் கொஞ்சம் குறைய. பத்து வயதில் அவள் சிநேகிதி ஒருத்தி அதைப் பார்த்து, எலி கடித்ததா என்று கேட்டாளாம். மகள் வந்து சொல்லி அழுதாள். ஆனால் அந்த மேசையில் இருந்துதான் படித்தாள். எட்டாம் வகுப்பைத் தாண்டினாள், எல்லாவற்றையும் தாண்டினாள்.

அந்தச் சனிக்கிழமை மழை பெய்யவில்லை. ஒரு முகில்கூட இல்லை. காலை எட்டரைக்கு மகள் பஸ்ஸில் வந்து இறங்கினாள். எத்தனை மணிக்கு வெளிக்கிட்டாய் என்று கேட்க வந்த வாயை மூடிக்கொண்டேன். தலைமயிரைக் கட்டையாக வெட்டியிருந்தாள். படியோரம் நான் கட்டியிருந்த கயிற்றைப் பார்த்தாள். அவிழ்க்கப் போகிறாள் என்று நினைத்தேன். ஒன்றும் செய்யாமல் அதில் பிள்ளைச் சட்டைகளைக் கொழுவினாள்.

அவளுக்கு வியாபாரம் நன்றாக வந்தது. போன்ஜூர் என்று தொடங்கினால் மெர்சி என்று முடிக்கும்போது ஆட்களின் கையில் ஏதாவது இருக்கும். சைக்கிள் முதலில் போனது. பிறகு அலுமாரி. புத்தகங்களை ஒரு கிழவர் பெட்டியோடு தூக்கினார். ஒவ்வொன்றும் வாசலைத் தாண்டும்போது, அவள் வருவதற்கு ஒரு காரணம் குறைந்தது என்று எண்ணிக்கொண்டேன். மனைவி பொரித்து விற்க வைத்த ரோல்ஸ் பத்து மணிக்கே முடிந்துவிட்டது. வயரில்லாத ரோஸ்டரைக்கூட ஒருவர் வாங்கினார். தான் வயர் பூட்டுவாராம்.

"கவனம் எண்டு சொல்லு பிள்ளை அவருக்கு," என்றேன்.

"அவர் எலெக்ட்ரீசியனாம் அப்பா."

"அதாலைதான் சொல்லுறன்."

அவள் சிரித்தாள். ஐந்து மாதத்தில் முதல் தரம். நான் அந்தச் சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் போய் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஒரு பெண் பனிச்சறுக்குச் சப்பாத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஜெ ரெவியான்" என்று கைகாட்டிவிட்டுப் போனாள். அது எனக்கு விளங்கும். திரும்பி வருகிறேன் என்பது. நான் சப்பாத்தை எடுத்துப் பக்கத்தில் பத்திரமாக வைத்தேன்.

"ஏன் ஒளிக்கிறீங்கள்?" என்றாள் மகள்.

"அவ வாறன் எண்டு சொல்லிட்டுப் போறா."

"அப்பா, ஜெ ரெவியான் எண்டா வரமாட்டினம். வேண்டாம் எண்டதைத்தான் மரியாதையாச் சொல்லுகினம். நீங்கள்தானே எனக்குச் சொல்லித் தந்தது, வாறன் எண்டால் போறன் எண்டு."

ஓம், நான்தான் சொல்லிக் கொடுத்தேன். அவளுக்கு நாலு வயது. வீட்டுக்கு வந்த என் சிநேகிதன் ஒருவன் வெளிக்கிடும்போது, "வாறன் பிள்ளை" என்று கன்னத்தில் தட்டிவிட்டுப் போனான். இவள் ஒரு குட்டிக் கதிரையை இழுத்துக் கதவடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். சாப்பிடக் கூப்பிட்டாலும் வரவில்லை. "மாமா வாறன் எண்டவர்" என்கிறாள். நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். போறன் என்று சொல்லக் கூடாது அம்மா, அது சரியில்லை, அதனால் போகிற ஆட்கள் வாறன் என்றுதான் சொல்லுவினம் என்று விளங்கப்படுத்தினேன். அப்ப மாமா பொய் சொன்னவரா என்று கேட்டாள். இல்லை, மாமா போயிட்டார், அவ்வளவுதான் என்றேன்.

மத்தியானம் தாண்டியது; நான் எடுத்து வைத்த சப்பாத்தையும் வேறொருவர் வாங்கிப் போனார். புல்லில் மேசை மட்டும்தான் மிச்சம். மகள் கை கழுவப் போன நேரம் பார்த்து, என் கை சட்டைப் பைக்குள் போனது. ஒரு சிவப்பு வட்டத்தை உரித்து மேசையின் நடுவில் ஒட்டினேன். யோசித்துச் செய்தேன் என்று சொல்ல முடியாது. மேசை மிஞ்சினால் அவள் இன்னொரு தரம் வர வேண்டும். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

திரும்பி வந்தவள் அதைப் பார்த்தாள்.

"மேசை போயிட்டுதா? ஆர் வாங்கினது?"

"ஒரு மடாம்."

"காசு?"

"பேந்து தாறன் எண்டவ. ஜெ ரெவியான் எண்டவ."

"இப்பதானே அப்பா சொன்னனான்!" அவள் தலையில் கை வைத்தாள். "காசு வாங்காமல் வெண்டு ஒட்டக் கூடாது." அவளும் வெண்டு என்றுதான் சொன்னாள்; தாயிடமிருந்து காலையில் தொற்றியிருக்க வேண்டும். "என்ன மாதிரி மடாம்?"

"வயசான ஆள். நீலச் சட்டை."

"வயசானவவுக்கு ஏன் படிக்கிற மேசை?"

"பேரப்பிள்ளைக்கு," என்றேன். எனக்கே நம்பிக்கை வருகிற மாதிரி அது வந்து விழுந்தது.

அப்போதுதான் அவர்கள் வந்தார்கள். மொட்டாக்கால் தலையை மூடிய ஓர் இளம் தாயும், அவளுடைய கையை இழுத்துக்கொண்டு ஒரு சின்னப் பெண்பிள்ளையும். பிள்ளை நேரே மேசைக்கு ஓடி அதன் மூலையில் நெற்றியை இடித்தது. இடித்துவிட்டு ஒன்றும் நடக்காத மாதிரிச் சிரித்தது. தாய் குனிந்து அந்த மூலையைத் தடவினாள். பிறகு மற்ற மூலைக்குப் போனாள். நாலு மூலையையும் சுற்றித் தடவிவிட்டு என் மகளிடம் ஏதோ கேட்டாள். மகள் என்னைக் காட்டினாள்.

"ஆர் இப்பிடிச் செய்தது எண்டு கேக்கிறா. கடையிலை இப்பிடி ஒண்டு தேடித் திரிஞ்சவவாம். கிடைக்கேல்லையாம்."

அந்தத் தாய் என்னைப் பார்த்து, "பிராவோ, மிசியூ" என்றாள். பிறகு சிவப்பு வட்டத்தைக் கண்டாள். முகம் விழுந்துவிட்டது.

பதினைந்து வருடமாக எலி கடித்தது என்று பேரெடுத்த மூலைகளைத் தேடி ஒருத்தி வந்து நிற்கிறாள். அவளுக்குக் குறுக்கே நிற்பது நான் சொன்ன பொய். அதை எடுத்துவிட ஒரு நகம் போதும். என் கை எழும்பவில்லை.

மகள் அவளோடு கொஞ்ச நேரம் பேசினாள். பிறகு எனக்குச் சொன்னாள். "நாலு மணி வரைக்கும் உங்கட மடாமுக்கு இருப்பம். வராட்டி இவவுக்கு. வான் கொண்டுவரச் சொல்லிப் புருஷனைக் கேக்கப் போறாவாம்."

அந்தத் தாயும் போகும்போது கை காட்டிச் சொன்னாள். "ஜெ ரெவியான்."

நான் மகளைப் பார்த்தேன். அவள் தோளைக் குலுக்கினாள்.

அந்த இரண்டு மணித்தியாலம் போல ஒரு நேரம் எனக்கு முன்பு இருந்ததில்லை. மகளும் நானும் மடக்குக் கதிரைகளில் மேசைக்கு இரண்டு பக்கமும் இருந்தோம். இல்லாத ஒரு மடாமுக்காக அவள் தெருவைப் பார்த்தாள். அந்தப் பொய்யால் என் பிள்ளை இரண்டு மணித்தியாலம் கூட என் பக்கத்தில் இருக்கிறாள் என்பது ஒருபுறம். அவளை ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன் என்பது மறுபுறம். அந்தத் தாய் வரக் கூடாது என்று நினைப்பேன். உடனே அந்தப் பிள்ளையின் நெற்றி ஞாபகம் வரும். மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து மேசையில் வைத்தாள். மகள் தன் நாற்றுகளைப் பற்றிச் சொன்னாள். குளிருக்குத் தாங்கிற ஒரு பயறு வகையாம். பழக்க வேண்டுமானால் கொஞ்சம் கொஞ்சமாய் வெளியே வைக்க வேணுமாம். கூடப் பொத்தி வைத்தால் தண்டு பலமில்லாமல் போகுமாம். அவள் என்னைக் குத்திச் சொல்லவில்லை, பயறைப் பற்றித்தான் சொன்னாள். நான் தேத்தண்ணிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உங்கட மடாம் என்ன நிறச் சட்டை எண்டனீங்கள்?"

"பச்சை," என்றேன்.

சொன்ன பிறகுதான் முதலில் நீலம் என்றது ஞாபகம் வந்தது. அவள் கோப்பையை எடுத்துக் குடித்தாள். சட்டைகள் விற்றுப்போன அந்தக் கயிறு, வெறும் புல், எல்லாவற்றையும் சுற்றி ஒருதரம் பார்த்தாள். பிறகு நகத்தால் அந்தச் சிவப்பு வட்டத்தைக் கிழியாமல் மெல்ல உரித்தாள். எழும்பி வந்து என் சட்டையில், நெஞ்சுக்கு நேரே ஒட்டினாள். கையால் இரண்டு தட்டுத் தட்டினாள்.

"வெண்டு," என்றாள்.

படியில் நின்ற மனைவி கேட்டாள், "உவரை ஆர் வாங்கினது?"

"ஆரும் காசு தரேல்லை அம்மா. சும்மா ஒட்டிக் கிடக்கு."

நாலுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது வெள்ளை வான் ஒன்று வந்து நின்றது. அந்தத் தாய்தான். பின்னால் புருஷன். வரமாட்டினம் என்று மகள் சொன்ன ஆட்களில் ஒருத்தி வந்துவிட்டாள். மகள் என்னைப் பார்த்தாள். நானும் அவளைப் பார்த்தேன்.

மேசையைத் தூக்கும்போது ஒரு பக்கம் நான் பிடித்தேன். வானுக்குள் வைத்துக் கட்டினேன். மூன்று முடிச்சு. பிறகு இறங்கி, திரும்ப ஏறி, நாலாவது. புருஷன்காரன் பொறுமையாய் நின்றான். இழுப்பறைகள் ஓட்டத்தில் திறந்து பிள்ளையின் விரலில் படும் என்று அவனுக்குச் சொல்லச் சொன்னேன். மகள் சொன்னாள். ஒரு சொல்லும் விடாமல், என்னைப் பழிக்காமல், நான் சொன்ன மாதிரியே சொன்னாள்.

வான் போனது. புல்லில் ஒன்றுமில்லை. இதைவிட நன்றாக ஒரு விற்பனை அந்தத் தெருவில் நடந்திருக்காது. பக்கத்து வீட்டு மனுசன் வேலிக்கு மேலால் பெருவிரலைக் காட்டினான். நானும் காட்டினேன்.

மகள் தோள்பையை எடுத்தாள். தாய் கட்டிக்கொடுத்த சாப்பாட்டுப் பெட்டியை வாங்கிப் பைக்குள் வைத்தாள். என் முன்னால் வந்து நின்றாள். கேட்கக் கூடாதவை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நாக்கு நுனியில் வந்து நின்றன. எப்ப வருவாய். போய்ச் சேர்ந்ததும் சொல்லுவியா. இனி என்னத்துக்கு வருவாய். நான் சட்டையில் ஒட்டியிருந்த வட்டத்தைத் தடவிக்கொண்டிருந்தேன்.

"வாறன் அப்பா," என்றாள்.

"ஓம்," என்றேன்.

பஸ் தரிப்பிடம் வரைக்கும் போகவில்லை. போகக் கூடாது என்று தெரியும். அவள் மூலை திரும்பும்வரைக்கும் பார்த்தேன். திரும்பிக் கை காட்டினாள். பிறகு இல்லை.

"என்ன சொன்னவள்?" என்று மனைவி உள்ளேயிருந்து கேட்டாள்.

"வாறன் எண்டு."

"பேந்தென்ன? உள்ளை வாங்கோ."

நான் முன்றலிலேயே மடக்குக் கதிரையில் இருந்தேன். போகிற எல்லாரும் சொல்கிற சொல்தான் அது. அவளுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவனே நான்தான். அதற்கு என்ன அர்த்தம் என்று கதவடியில் இருந்த பிள்ளைக்கு விளங்கப்படுத்திச் சாப்பிடக் கூட்டிக்கொண்டு போனவனும் நான்தான். வெள்ளை வான்காரி திரும்பி வந்தாள். சப்பாத்துக்காரி வரவில்லை. இரண்டு பேரும் ஒரே சொல்லைத்தான் சொன்னார்கள், ஒரே மாதிரிக் கை காட்டித்தான் போனார்கள். போகும்போது முகத்தைப் பார்த்து, எவள் திரும்பி வருவாள் என்று எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை.

மனைவி இரண்டாம் தரமும் கூப்பிட்டாள். அந்தக் கதிரையையும் மடித்து உள்ளே வைத்தால் வேலை முடிந்தது என்றாள்.

இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்றேன்.